நாய்க்குட்டிக்கு ஒரு கேட் பாஸ்

1

கிள்ளானில் உட்கார்ந்து இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் போய்க் கஷ்டப்படுகிறாள், பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வேலை, குன்றத்தூரில் வாடகை வீடு, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம். எட்டு மாதத்தில் எந்தக் கடையில் இட்லி மாவு வாங்கக் கூடாது என்பது வரை தெரிந்துகொண்டேன்.

எங்கள் கம்பெனி கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிறது. மலேசியாவில், கிள்ளானில் பதினாறு வருஷம் அதே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரகடத்தில் புதிய பிளான்ட் தொடங்கியபோது மூன்று வருஷத்துக்கு என்னை அனுப்பினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிக் கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுக்கப் போனவர்களின் கொள்ளுப்பேத்தி, இங்கே வந்து ரப்பரை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். திரும்பி வரவில்லை, புதிதாக வந்திருக்கிறேன் என்பேன். அவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆபீஸ்களில் மட்டும் இன்னும் பிரச்சினை தீரவில்லை. என் பாஸ்போர்ட்டில் லோகேஸ்வரி ஏ/பி பெருமாள் என்று இருக்கிறது. பெருமாளின் மகள் என்பதற்கு நம் ஊர் வழக்கம் அது. இங்கே பதிவு அலுவலகத்தில் அந்த ஏ/பியைப் பார்த்துவிட்டு, ஆந்திராவா நீங்கள் என்று கேட்டார்கள். இல்லை, மலேசியா என்றேன். மலேசியாவில் ஆந்திராவா என்று அடுத்த கேள்வி வந்தது. குடும்பப் பெயர் எது என்று கேட்டு மூன்று முறை என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை நானே ஒரு வெள்ளைத்தாளில் விளக்கம் எழுதி, நாலு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

என் மகள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. போன தடவை எழுதியபோது அவள் நன்றாகப் பழகிவிட்டாள் என்று எழுதியிருந்தேன். வாயில் பழகியது உண்மைதான். என்னை நீங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தீபாவளிக்குள் நீ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இன்னாம்மா என்கிறாள். வீட்டை வூடு என்கிறாள். நான் பசியாறிட்டியா என்று கேட்டால் வகுப்புத் தோழிகள் சிரிப்பார்கள் என்று அவர்கள் முன்னால் கேட்க வேண்டாம் என்கிறாள். இதையெல்லாம் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

தை பிறந்த கையோடு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முழுப் பரீட்சை முடிந்ததும் அப்பாவிடம் போய்விடுகிறேன், அங்கேயே படித்துக்கொள்கிறேன் என்றாள். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வேலையை விடுகிறவர்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பார்களே, அப்படிச் சொன்னாள். அவள் அப்பா போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறார். பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. அவள் போய்விட்டால் மீதி இரண்டு சொச்சம் வருஷத்தை நான் தனியாகத் தள்ளிவிடுவேன். தள்ளத் தெரியும் எனக்கு. ஆனால் அப்படித் தள்ளுவதற்காகவா நான் பிள்ளை பெற்றேன்?

2

இந்த நிலைமையில்தான் ஆடிட் வந்தது. கார் கம்பெனிக்காரர்கள் எங்கள் பிளான்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் தரையில் மஞ்சள் கோடு புதிதாகும், கழிவறையில் சோப்பு முளைக்கும், யார்டில் படுத்துக் கிடக்கும் நாய்கள் காணாமல் போகும். எங்கள் யார்டில் ஒரு தாய் நாய் குட்டி போட்டிருந்தது. கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் கோவிந்தன் அண்ணன், பென்னலூர்க்காரர், தாயையும் மூன்று குட்டிகளையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டார். மறுநாள் காலையில் நாலாவது குட்டி கிடைத்தது. கம்ப்ரசர் ரூமுக்குப் பின்னால், ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள், சூடான சுவரோடு ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பால் கம்மியாக ஊற்றிய கோப்பி நிறம். எழுபது நாள் இருக்கலாம் என்றார்.

இதையும் கொண்டுபோனால் தன் சம்சாரம் தன்னையே வெளியில் கட்டிப்போட்டுவிடும் என்றார் அண்ணன். நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. லஞ்சம் கொடுக்கிறவர்கள் ரொம்ப யோசிப்பதில்லை. என் மகளை இந்த ஊரில் பிடித்து வைக்க எனக்கு ஒரு பிடி தேவைப்பட்டது, அது கையில் கிடைத்தது.

சாயங்காலம் பெட்டியோடு கேட்டுக்கு வந்தால் அண்ணன் வழியை விடவில்லை. எங்கள் கேட்டைத் தாண்டி ஒரு போல்ட் போனாலும் கேட் பாஸ் வேண்டும்.

"பெட்டில போனா மெட்டீரியல்தான் மேடம். நாளைக்கு கேமரால பாத்தாங்கன்னா எனக்குத்தான் மெமோ. நீங்களே ஒண்ணு போட்டுட்டா வம்பு இல்ல."

அவர் சொன்னது நியாயம். நின்றபடியே எழுதினேன். பொருள்: நாய்க்குட்டி. அளவு: ஒரு நம்பர். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள், ரிட்டர்னபிள், நான்-ரிட்டர்னபிள். பொருள் திரும்பி வருமா, வராதா என்று கேட்கிற இடம். நான் மாதம் பத்துத் தடவை அளவுக் கருவிகளைச் சரிபார்க்க வெளியே அனுப்புகிறவள். அவை ஏழு நாளில் திரும்பி வந்தாக வேண்டும். கை பழக்கத்தில் ரிட்டர்னபிள் கட்டத்தில் டிக் அடித்து, ஏழு நாள் தள்ளித் தேதியும் போட்டுவிட்டேன். கார்பன் தாளில் மூன்று பிரதி விழுந்துவிட்டது. பார்த்தபோது பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மடித்துப் பைக்குள் போட்டேன்.

3

கம்பெனி பஸ்ஸில் நாய் ஏற்றக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் ஏற்றியிருக்க மாட்டேன். டிரைவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், ஸீட்டில் ஏதாவது ஆனால் நீங்கள்தான் துடைக்க வேண்டும் என்றார், பிறகு தானே இரண்டு பழைய தினசரிகளைக் கொடுத்தார். அன்றைக்கு ஸ்பீடு பிரேக்கர்களில் அவர் பஸ்ஸை ஏற்றி இறக்கிய பதவிசை எட்டு மாதத்தில் நான் பார்த்ததில்லை.

ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஏட்டி, எப்படி முழிக்கி பாரு என்று ஒருத்தி இன்னொருத்தியை இழுத்தாள். ஒருத்தி தன் துப்பட்டாவை மடித்து அடியில் போட்டாள். குட்டி ஒரகடம் சிக்னலிலேயே என் ஐடி கார்டின் மேல் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிப்போனது. பென்னலூர் பக்கம் சுற்றி வரும் வரைக்கும் அசையவில்லை. வழியில் டீசல் போட டிரைவர் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். குட்டி சட்டென்று எழுந்து கத்தியது. வண்டி கிளம்பியதும் அடங்கிவிட்டது. பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4

தர்ஷினி கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைக்கூட வாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தே நிமிஷத்தில் பெயர் வைத்தாள்: கோப்பி. வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா கேட்டுவிட்டு, காபியா என்றார். இல்லை ஆன்ட்டி, கோப்பி, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம் என்று அவள் திருத்தினாள். எங்க ஊர் என்று அவள் சொன்ன அழுத்தம் என் காதில் விழாமல் இல்லை.

ஸ்டெல்லா அக்கா மாடியில் இருக்கிறார். நல்ல மனுஷி. அந்நியர் பதிவுக்கு வீட்டுக்காரர் நிரப்ப வேண்டிய பாரத்தை என்னைவிட நன்றாக நிரப்புவார். கிறிஸ்துமஸுக்குப் பெரிய தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பியவர். ஆனால் நாய் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். அவர் கணவர் சேவியர் அண்ணன் ஒரு லாரி கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை, நாயும் சேர்ந்து குரைத்தால் மனுஷன் தாங்க மாட்டார் என்றார். ஒரு வாரம் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வருவேன், அதற்குள் அடங்கவில்லை என்றால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எடுத்த இடம் என்றால் யார்டு. அங்கே தாயும் இல்லை, ஆடிட்டும் முடியவில்லை.

நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. புதிதாக வந்த உயிருக்கு அமைதி வேண்டும் என்று டிவியை அணைத்தோம். மிக்ஸி போடாமல் கடைச் சட்னி வாங்கினோம். தர்ஷினி நுனிக்காலில் நடந்தாள். கூடத்தின் மூலையில் பழைய போர்வை, மெத்தென்று தலையணை, பக்கத்தில் தண்ணீர். குட்டி அந்த மூலையில் நின்று கத்தியது. தயிர்ச் சோறு, முட்டை, பால், எதுவும் இரண்டு நக்கலுக்கு மேல் இறங்கவில்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று பூச்சி மாத்திரை கொடுத்து, அட்டையில் இனம் என்ற இடத்தில் நாட்டு நாய் என்று எழுதினார். நான் வேலைக்கும் அவள் பள்ளிக்கும் போய்விட்ட பிறகு பகல் முழுக்க அது கத்துவதை மாடியில் இருப்பவர்கள்தான் கேட்டார்கள். ஸ்டெல்லா அக்கா திட்டவில்லை. மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போது ஞாயிறு என்று மட்டும் சொல்வார்.

வியாழக்கிழமை தர்ஷினி பேனா தேடி என் பைக்குள் கைவிட்டாள். கேட் பாஸ் அகப்பட்டது. படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள்.

"திருப்பிக் குடுக்கத்தான் தூக்கினு வந்தியா? நாள் கூட குறிச்சு வெச்சிருக்க."

கை பழக்கம் என்று விளக்கினேன். அளவுக் கருவி, ஏழு நாள் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. அவள் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் மடியிலும் கத்தியது. லஞ்சம் கொடுத்தது போக, கொடுத்ததையும் நானே பிடுங்கப் போகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

5

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டில் இறங்கியதுமே கோவிந்தன் அண்ணன், உங்கள் ஐட்டம் திங்கள்கிழமை திரும்பி வர வேண்டும், ஞாபகம் இருக்கிறதா என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். மூலையில் போர்வை போட்டது, டிவியை அணைத்தது, நுனிக்காலில் நடப்பது எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மேடம், அது பொறந்ததுலேர்ந்து கம்ப்ரசர் சத்தத்துலயே தூங்கினு கீது. உங்க வூட்ல சத்தமே இல்ல. இன்னாவோ ஆயிப்போச்சுன்னு பயந்துனு கத்துது."

எனக்கு அந்த டீசல் பங்க் ஞாபகம் வந்தது. என்ஜின் நின்றதும் கத்திய குட்டியைப் பார்த்துப் பசி என்று முடிவு கட்டியவள் நான்தான். நாள் முழுக்க எது ஏன் பழுதானது என்று காரணம் தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அது கத்திய இடத்துக்கும் அது தூங்கிய இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றவில்லை. மரியாதை செய்வதாக நினைத்து நாலு நாளாக அதைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

எங்கள் பிளான்டில் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். சத்தத்துக்கு ஸ்டிக்கர் இல்லை. கோவிந்தன் அண்ணனைக் காவலுக்கு வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்கக் கம்ப்ரசர் ரூம் சுவரோரம் நின்று பதிவு செய்தேன். மெயின்டனன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து, கம்ப்ரசரில் ஏதாவது கோளாறா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் இணைத்து மூலையில் வைத்தேன். தர்ஷினி நம்பாமல் நின்றாள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. குட்டி கத்துவதை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டது. போர்வையை விட்டு இறங்கி வந்து ஸ்பீக்கரோடு முதுகை ஒட்டிப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து தட்டில் இருந்த முட்டையைத் தின்று முடித்துவிட்டு மறுபடி படுத்தது. தர்ஷினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

6

சனிக்கிழமை எனக்கு லீவு. மதியம் வீடு பிளான்ட் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கதவு தட்டினார்கள். திறந்தால் ஸ்டெல்லா அக்கா. நாய்ச் சத்தத்துக்குப் பதில் இன்னொரு சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டோம், ஞாயிறு வரைகூட நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். அக்கா அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அணைக்காத லோகா. உங்கண்ணன் ரிட்டயர் ஆனதுலேர்ந்து மத்தியானம் கண்ணை மூடினதில்ல. இப்போ குறட்டை விட்டுனு தூங்குறாரு. இன்னா மெஷின் அது?"

பிரஸ் ஷாப்பில் சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் பக்கத்திலேயே அட்டை விரித்துத் தூங்குகிறவராம் அண்ணன். முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் அவருக்காக ஜன்னல் சாத்தி, குக்கர் விசில் போடாமல், பேரப்பிள்ளைகளை அதட்டி வைத்திருந்திருக்கிறார்கள். அக்கா எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு, இன்னொரு கோப்பியைத் தடவிக் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை.

திங்கள்கிழமை கேட் பாஸைத் திருத்தப் போனேன். ரிட்டர்னபிளை மாற்ற வேண்டுமானால் பிளான்ட் ஹெட் வரை மூன்று கையெழுத்து, காரணம் தனியாக. ஐட்டம் உபயோகத்தில் உள்ளது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

7

இங்கே முடித்திருந்தால் என் வழக்கப்படி எல்லாம் சுபம் என்று உங்களுக்கு எழுதியிருப்பேன்.

சத்தத்தை எப்போதும் ஓடவிட முடியாது அல்லவா? தர்ஷினி ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த பழைய போனில் அந்தப் பதிவைப் போட்டுக்கொண்டாள், அதில் சத்தம் பதினைந்து படி. நாளுக்கு ஒரு படி குறைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்குப் போகும் முன் ஓடவிட்டு, வந்ததும் குறைத்து, குட்டி காதைத் தூக்குகிறதா என்று பார்ப்பாள். தூக்கினால் பழையபடி ஏற்றிவிட்டு மறுநாள் மறுபடி முயற்சி செய்வாள். பத்து நாள் ஆனது. குட்டி தின்றது, வளர்ந்தது, என் செருப்பில் ஒன்றைக் கடித்தது. எனக்கு அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டுத் தலை வலித்தது. பிளான்டிலும் அதே, வீட்டிலும் அதே. ஒரு சாயங்காலம், அதுதான் நன்றாகப் பழகிவிட்டதே, கத்தக்கூட இல்லை, ஒரேயடியாக நிறுத்திவிடு என்றேன்.

அவள் போனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஒரேடியா நிறுத்தக் கூடாதும்மா. எனக்கு நீ அப்படித்தான் பண்ண. அப்பா சத்தம், ஸ்கூல் சத்தம், எல்லாம் ஒரே நாள்ல நின்னுடுச்சு. நான் கத்தல. அதனால பழகிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்ட."

கிள்ளானிலிருந்து இரண்டே வார அவகாசத்தில் கிளம்பியவர்கள் நாங்கள். கம்பெனி அவசரப்படுத்தியது, நான் அதில் பெருமைப்பட்டேன். பள்ளி நடுவில் அவள் பெயரை வெட்டி, சாமான் கட்டி, விமான நிலையத்தில் அப்பாவிடமிருந்து அவள் கையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு வந்தேன். பிளாஸ்திரி மாதிரி ஒரே இழுப்பில் இழுத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்தேன். அவர் ஷிப்ட் முடித்துக் களைத்திருப்பார் என்று வாரத்துக்கு ஒரு போன் என்று சட்டம் வைத்தவளும் நான்தான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தப்புதான் தர்ஷினி என்றேன். பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் அழவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. சரி என்று சொல்லிவிட்டு ஒரு படி குறைத்தாள். குட்டி அசையவில்லை.

அன்றே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். இப்போது தினமும் பேசுகிறார்கள். அவர் கிரேனில் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

போன வாரம் பள்ளிக்குத் தலை பின்னிக்கொண்டே, பரீட்சை முடிந்ததும் அப்பாவிடம் போகிறேன் என்றாள். நான் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு மீதியையும் சொன்னாள்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன். நான் அங்க இருக்கறப்ப டெய்லி போன் பண்ணி கோப்பி காதுல வை. என் சத்தம் அதுக்கு ஒரேடியா நின்னுடக் கூடாது."

சரி என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.